வாட்டம் பார்த்துப் போட்ட தளம்

அலுவலகக் கட்டடம் ஒன்றின் வரைபடக் கட்டு கைக்கு வந்ததும் நான் முதலில் புரட்டுவது பேஸ்மென்ட் தாளைத்தான். மேலே பத்து மாடிக்குக் கண்ணாடி முகப்பு எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும்; கீழே தூணுக்கும் தூணுக்கும் எவ்வளவு இடைவெளி என்பதைத்தான் கண் தேடும். சென்னை ஐ.டி. கட்டடங்களில் பெரும்பாலும் அது 8.4 மீட்டராக இருக்கும். குத்துமதிப்பாக வந்த எண் இல்லை அது. நம் விதிகளின்படி ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். இரண்டு தூண்களுக்கு நடுவே மூன்று கார் நிற்க 7.5 மீட்டர், தூணுக்கு 90 சென்டிமீட்டர். ஆக 8.4. மேலே பத்தாவது மாடியில் ஒருவர் எங்கே மேசை போட்டு உட்காருவார், கூட்ட அறையின் சுவர் எங்கே வரும் என்பதெல்லாம் கீழே மூன்று கார்களுக்கு விட்ட இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

அந்த 90 சென்டிமீட்டருக்காக நடக்கிற வாக்குவாதங்களை எழுதினால் தனிப் புத்தகமே வரும். கீழே போகப் போகத் தூணில் இறங்கும் பாரம் கூடும். ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் தூணைப் பெரிதாக்கச் சொல்வார். ஆர்க்கிடெக்ட் ஒரு கார் குறையும் என்பார். ஒரு கார் என்றால் சாதாரண விஷயம் இல்லை. ஆயிரம் சதுர அடி அலுவலகத்துக்கு ஒரு கார் என்ற கணக்கில்தான் வாடகை ஒப்பந்தங்கள் பரவலாகப் போடப்படுகின்றன. கார் குறைந்தால் மேலே வாடகைக்கு விடுவதே சிக்கலாகும். தூணைச் சதுரமாக வைக்காமல் நீள்சதுரமாக்கி, நீளப் பக்கத்தைக் காரின் நீளவாக்கில் திருப்பிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஓடுபாதையின் ஓரத்திலிருந்து தூணைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தால் வண்டியை வளைத்துத் திருப்பவும் இடம் கிடைக்கும். காங்கிரீட்டின் தரத்தை ஏற்றித் தூணைச் சிறிதாக்குவதும் உண்டு. இவையெல்லாம் பென்சில் வேலையில் முடிய வேண்டியவை. கம்பி கட்டிய பிறகு பேசிப் பயனில்லை.

2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்த பிறகு பழைய மகாபலிபுரம் சாலை வளர்ந்த வேகத்தில்தான் என் தலைமுறைப் பொறியாளர்கள் இந்த வேலையைக் கற்றோம். நில விலை ஏற ஏறக் கட்டடங்கள் மேலே போன அளவுக்குக் கீழேயும் போயின. ஒரு பேஸ்மென்ட் இரண்டாகி, இரண்டு மூன்றானது. கீழே தோண்ட முடியாத இடங்களில் அலுவலகக் கோபுரத்தை ஒட்டித் தனியாகப் பல அடுக்குப் பார்க்கிங் எழுந்தது. எல்லாவற்றிலும் வேலை பார்த்துவிட்டு எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: பார்க்கிங் கட்டுகிறவனின் முழுக் கவலையும் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும்.

இதை உரிமையாளர்களிடம் சொன்னால் சட்டென்று ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் பயமெல்லாம் எடையைப் பற்றியது. இத்தனை கார்கள் நின்றால் தளம் தாங்குமா என்று கேட்பார்கள். நம் சாலையில் ஓடும் சாதாரணக் கார் ஒன்று முதல் ஒன்றரை டன் இருக்கும். அது நிற்கும் 12.5 சதுர மீட்டரில் பரப்பிப் பார்த்தால் சதுர மீட்டருக்கு 100 கிலோவை ஒட்டித்தான் வருகிறது. இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875-இன் இரண்டாம் பாகம் இலகு வாகனத் தளத்துக்கு 2.5 கிலோ நியூட்டன், அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ வைத்து வடிவமைக்கச் சொல்கிறது. மேல் மாடியில் கோப்பு அலமாரிகளை நெருக்கி அடுக்கிய ஆவண அறை இதைவிட அதிகம் கனக்கும். எடையைப் பற்றி உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. பேஸ்மென்ட்டின் கூரை கோபுரத்தைத் தாண்டி வெளியே நீண்டு, அதன் மேல் பாதை போகும் இடம். தீ விபத்து என்றால் தீயணைப்பு வண்டி அதன் மேல்தான் வந்து நிற்கும். 45 டன் வரையிலான வண்டியைத் தாங்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித் தொகுப்பு. அங்கே தளம் தடித்தே ஆக வேண்டும். மற்ற இடங்களில் எடை கணக்குக்குள் அடங்கிவிடும். தண்ணீர் அப்படி அடங்காது.

கீழிருந்து வரும் தண்ணீரை முதலில் சொல்கிறேன்.

கிண்டிப் பக்கம் தோண்டினால் சில மீட்டரிலேயே கடும்பாறை தட்டும். உடைத்து எடுப்பதற்குள் நாட்கள் ஓடிவிடும். பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் களிமண்ணும் சேறும். எங்கே தோண்டினாலும் ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் ஏறி வந்து எட்டிப் பார்க்கும். இரண்டு பேஸ்மென்ட்டுக்கு ஏழரை மீட்டர் தோண்டுகிறோம், மழைக்காலத்தில் தண்ணீர் தரையிலிருந்து ஒன்றரை மீட்டரில் நிற்கிறது என்று வையுங்கள். ஆறு மீட்டர் தண்ணீர் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஆறு டன் விசையில் மேலே தள்ளும். அடியில் போடும் 60 சென்டிமீட்டர் தடிமனுள்ள காங்கிரீட் தளத்தின், அதாவது ரேஃப்ட்டின் எடை ஒன்றரை டன்தான். மேலே பத்து மாடி ஏறிய பிறகு பயமில்லை. ஏறும்வரை நாம் கட்டியிருப்பது தண்ணீரில் மிதக்கக் காத்திருக்கும் காலி அண்டா. கோபுரத்துக்கு வெளியே நீண்டிருக்கும் பேஸ்மென்ட் பகுதிக்கோ எந்தக் காலத்திலும் மேலே கட்டடம் வராது. அங்கே ரேஃப்ட்டைப் பாறையோடு பிடித்துக் கட்ட நங்கூரக் கம்பிகள் இறக்க வேண்டும், அல்லது இழுவிசை தாங்கும் பைல்கள் போட வேண்டும். செலவைக் குறைக்கச் சொல்லும் கூட்டங்களில் முதலில் கை வைக்கப்படுவது இந்த நங்கூரங்களில்தான். கட்டி முடித்த பிறகு கண்ணில் படாத பொருள் என்பதால் அப்படி. செலவுப் பட்டியலின் இந்த ஒரு வரியில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையை இந்த ஊரில் யாரும் மறக்க மாட்டார்கள். அப்போது அடையாற்றுக்கு வெகு தூரமில்லாத ஒரு தளத்தில் இருந்தோம். ரேஃப்ட் முழுவதும் போட்டாகிவிட்டது. தூண்கள் எழும்பி, முதல் ஸ்லாப் பாதிப் பரப்பில் மட்டும் முடிந்திருந்தது. நீரிறைக்கும் கிணறுகளின் குழாய்கள் ரேஃப்ட்டைத் துளைத்து மேலே நீட்டிக்கொண்டிருந்தன. சிலவற்றை ஏற்கெனவே இரும்புத் தட்டு போட்டு மூடி போல்ட் முடுக்கியிருந்தோம். மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டரில் பம்புகள் ஓடின, டீசல் லாரி வர வழியில்லை. கைபேசியில் யாரையும் பிடிக்க முடியவில்லை. நல்லவேளையாக எங்கள் ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் செப்டம்பரிலேயே ஒரு தாள் எழுதிக் கொடுத்து, சைட் ஆபீஸ் சுவரில் ஒட்டச் செய்திருந்தார். வெளியே உள்ள கண்காணிப்புக் குழாயில் தண்ணீர் ரேஃப்ட்டின் அடிமட்டத்துக்கு மேல் 1.2 மீட்டரைத் தொட்டால், இறைப்பதை நிறுத்து, மூடிகளைத் திற, தண்ணீரை உள்ளே விடு. அவ்வளவுதான் அதில் இருந்தது.

நாடாவின் நுனியில் குண்டு கட்டிக் குழாய்க்குள் இறக்கி இறக்கிப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் முன்னாலேயே நனைந்தது. குறித்த அளவைத் தாண்டியதும் ஸ்பேனரோடு கீழே இறங்கினோம். மேஸ்திரி செஞ்சிப் பக்கத்துக்காரர், என்னைவிட மூத்தவர். ராம்ப் வாயில் மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரைத் தடுத்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு மூடிகளைக் கழற்றச் சொன்னேன்.

"இன்னா சார் இது, இத்தினி நாளா வெளிய எறைச்சுக்கினு இருந்தோம், இப்ப நாமளே உள்ள வுடறதா?"

"வுட்டாதான் மேஸ்திரி ரேஃப்ட் நிக்கும். உள்ள ஒரு மீட்டர் தண்ணி நின்னா அதுவே நமக்கு ஒரு டன் பாரம்."

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு தானே முதல் போல்ட்டைத் தளர்த்தினார். மூடி விலகிய துளையிலிருந்து தண்ணீர் தெளிவாக, சத்தமில்லாமல் பொங்கி வந்தது. மண் கலக்கவே இல்லை. வடிகட்டிச் சல்லி ஒழுங்காகப் போட்டிருக்கிறோம் என்று அந்த நேரத்திலும் மனம் அதைத்தான் கவனித்தது. விடிவதற்குள் தூண்களின் கால்கள் மறைந்துவிட்டன. வெள்ளம் வடிந்த பிறகு லெவல் கருவி வைத்துப் பார்த்தோம். ரேஃப்ட் போட்ட இடத்தில் போட்டபடி இருந்தது. சேற்றை வாரவும், துருவேறிய கம்பிகளை இரும்புப் பிரஷ் போட்டுத் தேய்க்கவும் வாரக்கணக்கில் ஆனது. அந்தச் செலவுக்காக யாரும் எங்களைக் கேள்வி கேட்கவில்லை.

பள்ளத்தின் கரையும் இதே தண்ணீரால்தான் சரிகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வேளச்சேரியில் கட்டுமானப் பள்ளம் ஒன்றின் கரை சரிந்து இரண்டு பேர் உயிரிழந்தார்கள். நாட்கணக்கில் தண்ணீரை இறைத்த பிறகுதான் உடல்கள் கிடைத்தன. நான் போகும் தளங்களில் அதற்குப் பிறகு ஒன்றைக் கட்டாயமாக்கினேன். கரையின் விளிம்பை ஒட்டிக் கண்டெய்னர் ஆபீஸ், ஜெனரேட்டர், கம்பிக் கட்டு எதுவும் வைக்கக் கூடாது. இடம் இல்லை என்று சொல்வார்கள். இடத்தை வாடகைக்கு எடுத்தாவது தள்ளித்தான் வைக்க வேண்டும். தொழிலாளர் தூங்கும் கொட்டகையையும் அப்படியே.

இனி ஸ்லாப். பார்க்கிங் தளங்களில் இப்போது உத்திரம் அதிகம் வைப்பதில்லை. உத்திரம் தொங்கினால் தலைக்கு மேல் உயரம் போய்விடும். தட்டையான ஸ்லாப், தூண் தலையில் மட்டும் தடித்த பகுதி. அதை டிராப் என்போம். இத்தகைய ஸ்லாப்பின் பலவீனம் தூணைச் சுற்றித்தான். பாரம் தாங்காவிட்டால் தளம் வளைந்து எச்சரிக்காமல், தூண் அதைக் குத்திக்கொண்டு மேலே வர, ஸ்லாப் அப்படியே கீழே விழும். இங்கிலாந்தில் உல்வர்ஹாம்ப்டன் நகரத்தின் பைப்பர்ஸ் ரோ கார் பார்க்கில் 1997 மார்ச் 20 அன்று அதிகாலையில் மேல் தளத்தின் 120 டன் துண்டு இப்படித்தான் விழுந்தது. அந்நேரம் யாரும் இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. தூணைச் சுற்றியிருந்த காங்கிரீட் ஈரத்திலும் உறைபனியிலும் நைந்து, மேலே போட்ட ஒட்டுவேலையும் பிடிப்பு விட்டிருந்தது. அங்கேயும் தொடக்கம் தண்ணீர்தான்.

நீளமான இடைவெளிகளுக்கு போஸ்ட் டென்ஷனிங் செய்கிறோம். ஏழு இழை முறுக்கிய 12.7 மில்லிமீட்டர் எஃகு வடங்களைத் தகரக் குழாயில் நுழைத்து, காங்கிரீட் போட்டு, அது போதிய வலுவுக்கு வந்ததும் ஜாக் வைத்து இழுப்பது. இந்த வேலையில் என் மனதுக்குப் பிடித்த நேரம் இழுப்பு நாள்தான். இழுப்பதற்கு முன் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வடத்திலும் ஒரே தூரத்தில் ஸ்ப்ரே பெயின்ட்டால் கோடு போடுவோம். முப்பது மீட்டர் வடம் ஏறத்தாழ இருபது சென்டிமீட்டர் நீண்டு வெளியே வர வேண்டும். கணக்கிட்ட நீட்சிக்கும் அளந்ததற்கும் ஐந்து சதவீதத்துக்கு மேல் வேறுபாடு வந்தால் நிறுத்திக் காரணம் தேட வேண்டும். எங்கோ குழாய் நசுங்கிக் காங்கிரீட் பால் உள்ளே போயிருக்கும், அல்லது ஆப்பு வழுக்கியிருக்கும். ஜாக்குக்கு நேர் பின்னால் யாரும் நிற்கக் கூடாது, வேடிக்கை பார்க்கவும் கூடாது. வடம் அறுந்தால் அந்தத் திசையில்தான் பாயும். புதிதாக வந்த பையன்களைத் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்திவிட்டே அடுத்த வடத்துக்குக் கை காட்டுவேன்.

இழுத்து முடித்ததோடு ஆபத்து தீராது. பிறகு ஸ்பிரிங்ளர் குழாய் தொங்கவிட வருகிறவர்கள் ஸ்லாப்பின் அடியில் டிரில் போடுவார்கள். வடத்தில் பட்டால் தீர்ந்தது. அதனால் சென்டரிங் பலகையிலேயே வடம் போகும் பாதையை மஞ்சள் பெயின்ட்டால் அடித்துவிடுவோம். பலகையைப் பிரித்ததும் அந்தக் கோடு காங்கிரீட்டின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும். எந்த வரைபடமும் இல்லாமல் தொழிலாளி தலையை நிமிர்த்திப் பார்த்தாலே தெரியும், எங்கே துளைக்கக் கூடாது என்று. அலுவலக மாடிகளில் ஃபால்ஸ் சீலிங் போட்டு இதை மறைத்துவிடுகிறார்கள். பார்க்கிங்கில் மட்டும் பல ஆண்டு கழித்தும் மஞ்சள் கோடுகளைப் பார்க்கலாம்.

கம்பிக்கும் பலகைக்கும் நடுவே வைக்கும் கவர் பிளாக்கைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை, அதனால் நான் எழுதுகிறேன். உள்ளங்கையில் அடங்கும் காங்கிரீட் கட்டி அது. கம்பியின் மேல் எவ்வளவு காங்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்பதை ஐ.எஸ். 456 சூழலைப் பொறுத்துச் சொல்கிறது: மிதமான சூழலுக்கு 30 மில்லிமீட்டர், கடுமையான சூழலுக்கு 45. கடற்காற்று வீசும், நிலத்தடி நீர் உவர்க்கும் ஊரில் இந்தப் பதினைந்து மில்லிமீட்டர்தான் கம்பிக்கும் துருவுக்கும் நடுவே நிற்கிறது. கவர் பிளாக் தீர்ந்துபோனால் கருங்கல் ஜல்லியைச் செருகிவிட்டுப் போகும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஜல்லி நழுவும், கம்பி பலகையில் உட்காரும், பலகையைப் பிரித்தால் கம்பியின் நிழல் காங்கிரீட்டில் தெரியும். காங்கிரீட் போடும் முந்தின மாலை டார்ச்சை எடுத்துக்கொண்டு, பலகையோடு கன்னம் ஒட்டும் அளவுக்குக் குனிந்து, கம்பிக்கு அடியில் வெளிச்சம் அடித்துப் பார்ப்பேன். மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தால் கம்பி எழும்பி நிற்கிறது என்று பொருள். முட்டி வலிக்கும் வேலை. வேறு எவரிடமும் இதை நான் ஒப்படைப்பதில்லை.

மேலிருந்து வரும் தண்ணீர் வேறு விதம். மழையில் நனைந்து வரும் நூற்றுக்கணக்கான வண்டிகள் ஒவ்வொன்றும் சக்கரத்திலும் அடிவயிற்றிலும் தண்ணீரைச் சுமந்து உள்ளே வரும். டிரைவர்கள் வாளியில் தண்ணீர் பிடித்து வண்டி கழுவுவார்கள். பேஸ்மென்ட் கூரையின் மேல் தோட்டம் வைத்திருப்பார்கள், அதற்கு நாள்தோறும் தண்ணீர் பாய்ச்சுவார்கள். இத்தனையும் நிற்காமல் ஓட வேண்டும் என்றால் தளத்தில் வாட்டம் இருக்க வேண்டும். நூற்றுக்கு ஒன்று என்று வரைபடத்தில் எழுதிவிடலாம். ஒரு தூண் கட்டத்துக்கு, அதாவது 8.4 மீட்டருக்கு, அது 84 மில்லிமீட்டர் இறக்கம். இரண்டு மூன்று கட்டம் தாண்டித்தான் வடிகால் என்றால் கால் மீட்டர் போய்விடும். தலைக்கு மேல் உயரம் குறைகிறது, பூச்சுக் காங்கிரீட்டின் எடை கூடுகிறது என்று ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். பிறகு நூற்றுக்கு ஒன்று இருநூறுக்கு ஒன்றாகும். வேலை நடக்கும்போது அதுவும் மறைந்து மட்டமாகிவிடும். பணம் தீர்ந்து, தேதி நெருங்கிய கடைசி மாதத்தில் போடப்படுவது பார்க்கிங் தரை. அதனால்தான் இப்படி நடக்கிறது.

என் கட்சி இதுதான்: வாட்டத்தைப் பூச்சில் கொண்டுவர முயலாதே, ஸ்லாப்பையே வாட்டமாகப் போடு. சென்டரிங் அடிக்கும்போதே முட்டுகளை ஏற்றி இறக்கி வைத்தால் ஸ்லாப் ஒரே தடிமனாகச் சாய்ந்து நிற்கும். கூடுதல் எடை இல்லை, ஒட்டுப்பூச்சு பெயர்ந்து வராது. சென்டரிங் மேஸ்திரிக்கு வேலை கூடும். அதற்குரிய கூலியைக் கொடுத்துவிட வேண்டும். மேலே வெயிலில் கிடக்கும் கடைசித் தளத்துக்கு இது மிகவும் முக்கியம்.

தண்ணீரைச் சரியாக வெளியேற்றாத தளம் என்ன செய்யும் என்பதற்கு நான் இளைஞர்களிடம் இரண்டு ஊர்களைச் சொல்வேன். கனடாவில் எலியட் லேக் என்ற ஊரில் ஆல்கோ சென்டர் மாலின் கூரைதான் கார் நிறுத்துமிடம். 1980-இல் திறந்ததிலிருந்தே ஒழுகியது. பனிக்காலத்துச் சாலை உப்பு கரைந்த தண்ணீர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இறங்கி இறங்கி எஃகு உத்திரத்தின் இணைப்பு ஒன்றை அரித்துத் தின்றது. 2012 ஜூன் 23 அன்று கூரை இடிந்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். இன்னொன்று ஃபுளோரிடாவின் சர்ஃப்சைட். 2021 ஜூன் 24 அன்று குடியிருப்புக் கோபுரம் இடிந்து 98 பேர் மாண்ட இடம். அங்கே கார் நிறுத்துமிடத்தின் கூரையாக இருந்த நீச்சல் குளத் தளத்தில் நீர்த்தடுப்புப் பூச்சு வாட்டமே இல்லாத மட்டத் தளத்தின் மேல் போடப்பட்டிருக்கிறது, தண்ணீர் வடியாமல் ஆவியாகும்வரை நிற்கிறது என்று 2018-லேயே ஒரு பொறியாளர் அறிக்கை எழுதியிருந்தார். அந்தத் தளத்தின் வடிவமைப்பு வலுவும் விதிக்குக் குறைவாக இருந்தது என்று அமெரிக்க அரசின் ஆய்வு கண்டிருக்கிறது. வலுவில் குறையுள்ள தளத்தின் மேல் தண்ணீரும் தேங்கி நின்றது. நம் ஊரில் சாலையில் உப்பு தூவுவதில்லை. உப்பைக் கொண்டுவரக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது.

வாட்டம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க எந்தக் கருவியையும்விடத் தண்ணீரையே நான் நம்புகிறேன். தரை போட்டு, கியூரிங் முடிந்து, கோடு வெட்டியாயிற்று. வண்டிகளை உள்ளே விடுவதற்கு முன் லாரித் தண்ணீரைத் தரையெங்கும் திறந்துவிடுவோம். ஒரு மணி நேரம் கழித்துச் சாக்பீஸ் டப்பாவோடு இறங்கி நடப்போம். எங்கெல்லாம் தண்ணீர் தேங்கி நிற்கிறதோ அதன் கரையைச் சுற்றி வெள்ளைக் கோடு. ஐந்து ரூபாய் நாணயத்தைத் தண்ணீரில் போட்டு, நாணயம் முழுவதும் முழுகினால் கோட்டுக்குள் ஒரு பெருக்கல் குறி. அது உடைத்துச் செய்ய வேண்டிய இடம். தண்ணீர் காய்ந்த பிறகு தரையில் கோடுகள் மட்டும் மிச்சமிருக்கும், எந்த வேலையாளின் கை எங்கே தளர்ந்தது என்பதை ஒளிக்காமல் காட்டியபடி. தூண் காலடிகளிலும் வடிகால் வாய்க்கு ஒரு கை தூரத்திலும்தான் அதிகம் தேங்கும். தரையைத் தேய்க்கும் பவர் ட்ரோவல் எந்திரம் அந்த மூலைகளுக்குள் போகாது; கையால் தேய்க்கிறவர் களைத்த நேரத்தில் மேடு விழுந்துவிடும். இது தெரிந்த பிறகு தூண் காலடிகளை மட்டும் தேய்க்க அனுபவமுள்ள ஒரு கொத்தனாரைத் தனியாக நிறுத்துகிறோம். வேறு எந்த வேலையும் அவருக்குக் கொடுப்பதில்லை.

வடிகால் என்றதும் அதன் மேல் போடும் இரும்புச் சல்லடை நினைவுக்கு வருகிறது. சட்டங்கள் வண்டி போகும் திசையிலேயே நீளவாக்கில் இருந்தால் ஸ்கூட்டரின் ஒல்லிச் சக்கரம் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். குறுக்காகப் போட வேண்டும். சட்டகத்தில் ரப்பர் வைத்து உட்கார்த்தாவிட்டால் ஒவ்வொரு வண்டிக்கும் டங் டங் என்று அடிக்கும். பன்னிரண்டு மணி நேரம் பக்கத்தில் நிற்கும் காவலாளிக்கு அது தண்டனை.

ஸ்கூட்டர்களைச் சொன்னேன். நம் ஊர் அலுவலகங்களில் காரைவிட இருசக்கர வண்டிகள்தான் அதிகம். வரைபடத்தில் அவற்றுக்குக் கிடைப்பது மிஞ்சிய மூலைகள். காரும் ஸ்கூட்டரும் ஒரே ராம்ப்பில் இறங்கும் இடங்களில் மழை நாள் காலை ஒன்பது மணிக்குப் போய் நின்று பாருங்கள். எட்டுக்கு ஒன்று சரிவில், நனைந்த தரையில், பின்னால் கார் ஒலியெழுப்ப, பிரேக்கை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் கால்களை ஊன்றிக்கொண்டு இறங்குகிறவர்கள் எத்தனை பேர். ராம்ப் தரையைப் பளபளவென்று தேய்ப்பது குற்றம் என்றே சொல்வேன். ஈரக் காங்கிரீட்டில் மீன்முள் வடிவத்தில் ஆழமாகக் கோடு இழுக்க வேண்டும், தண்ணீர் பக்கவாட்டுக் கால்வாய்க்குப் போகிற மாதிரி. ராம்ப்பின் தலையிலும் காலிலும் சில மீட்டருக்குச் சரிவைப் பாதியாக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே ஏறும் காரின் வயிறு உரசும், கீழே இறங்கும் காரின் மூக்கு இடிக்கும். இருசக்கர வண்டிகளுக்குத் தனி ராம்ப் என்பதை முதல் கூட்டத்திலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும். பிறகு கேட்டால் கிடைக்காது.

தலைக்கு மேல் உள்ள சண்டையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங்ளர் குழாய், கேபிள் டிரே, கழிவுநீர்க் குழாய், ஜெட் ஃபேன் எல்லாம் ஒரே உயரத்துக்குப் போட்டி போடும். கழிவுநீர்க் குழாய்க்கு மட்டும் வாட்டம் வேண்டும் என்பதால் அதற்கு முதலிடம் கொடுத்து மற்றவற்றை வளைக்கச் சொல்வது என் வழக்கம். காற்றைத் தள்ளும் ஜெட் ஃபேனை யாருக்காகவும் தள்ளி வைக்க விடுவதில்லை. சாதாரண நேரத்தில் மணிக்கு ஆறு முறை, தீயில் பன்னிரண்டு முறை காற்று மாற வேண்டும் என்பது தேசியத் தொகுப்பின் விதி. வண்டிக்காரர் இரண்டு நிமிடத்தில் லிஃப்ட்டில் ஏறிவிடுவார். சீட்டு கிழிக்கும் பெண்ணும் காவலாளியும் அங்கேயே மூச்சு விடுகிறார்கள். கார்பன் மோனாக்சைடு உணர்கருவியை அவர்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்கிறேன். அவர்களுக்கு ஒரு கழிப்பறையும் அதே தளத்தில் வேண்டும் என்று கேட்கிறேன். ஒரு கார் இடத்தை விட்டுத் தந்த உரிமையாளர்களும் உண்டு.

கட்டடத்தை ஒப்படைக்கும்போது பராமரிப்பு மேலாளரிடம் தடித்த கோப்புகள் போகும். அவற்றோடு நான் ஒற்றைத் தாள் ஒன்றைத் தனியாகக் கொடுத்து, பம்ப் அறைக் கதவின் உட்பக்கம் ஒட்டச் சொல்கிறேன். எந்த வடிகால் எந்தச் சம்ப்பில் சேர்கிறது, எந்த இணைப்பில் சீலன்ட் இருக்கிறது, சாக்பீஸ் கோடு போட்ட இடங்கள் எவை என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆவணி பிறந்ததும் சல்லடைகளைத் தூக்கி மண் வார வேண்டும். புரட்டாசிக்குள் ஒவ்வொரு சம்ப் பம்பையும் தண்ணீர் விட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும், மெயின் மின்சாரத்தில் ஒருமுறை, ஜெனரேட்டரில் ஒருமுறை. ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது என்று சில மேலாளர்கள் திருப்பிக் கேட்பார்கள். பேஸ்மென்ட்டில் இருந்தால், மேலே ஏற்றும் வேலையை இந்த ஆண்டே தொடங்கச் சொல்கிறேன்.